ஊசிக் காதும் கோபுரத்துப் பொம்மைகளும்

என் தங்கை கஸ்தூரியைப் பெண் பார்க்க வந்த நாளில், அவள் முகத்திலிருந்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவன் நான். கல்யாணத்துக்குப் பிறகு விஷயம் வெளியாகி, அவளுடைய மாமியார் என்னை நேருக்கு நேராகக் கேட்டபோது, அவளுக்குப் பார்வைக் குறை இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது என்று சொன்னவனும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் எங்காவது நழுவிவிடுவேன். என் குணம் எனக்குப் பழக்கம்.

இத்தனை காலம் வாயைத் திறக்காதவனைத் திறக்க வைத்தது ஒரு கண்ணாடிக் கடை. என் வீடு கடலூர் செம்மண்டலத்தில், கடை மஞ்சக்குப்பத்தில். என் கண்ணாடி தயாராகிவிட்டதென்று அவர்கள் போன் செய்தும் நான் போய் வாங்கவில்லை. போகவில்லை என்றும் சொல்ல முடியாது. தினமும் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். கடைக்கு எதிரே ஒரு டீ குடிப்பேன். கடையை முறைத்துப் பார்ப்பேன். இன்னொரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். வீட்டுக்கு வந்தால் இருப்புக் கொள்ளாது. ஃபேனைப் போடுவேன், நிறுத்துவேன். படித்த பேப்பரையே மறுபடி எடுப்பேன்.

“வாங்கிட்டீங்களாப்பா?” என்பாள் மகள்.

“கூட்டமா இருந்துச்சும்மா.”

கண்ணாடிக் கடையில் என்ன கூட்டம்? அவளும் பாவம், நம்புவதுபோல இருந்துவிடுவாள்.

எல்லாம் சிதம்பரத்தில் நடந்த ஒரு கல்யாணத்தில் ஆரம்பித்தது. மண்டப வாசலில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மாள் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். வரவேற்புக்கு நிற்கும் பெண் வீட்டார் யாரோ என்று நினைத்து, பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். சாப்பாட்டுப் பந்தியில்தான் தெரிந்தது, அது கஸ்தூரி. என் மகளிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்: “ஒங்கப்பா பெரிய ஆளாயிட்டாரும்மா. பாத்தும் பாக்காத மாதிரி போறாரு.”

மகள் இதைத் தமாஷாகத்தான் என்னிடம் சொன்னாள். நான் இலையை மூடிவிட்டேன். அந்தப் பேச்சு கஸ்தூரியுடையது அல்ல. ஒரு காலத்தில் அவள்மேல் வீசப்பட்ட பேச்சு.

மறுநாளே மகள் என்னைக் கண் டாக்டரிடம் இழுத்துப் போனாள். அங்கே போகும் வழியெல்லாம் நான் பெருமை பேசிக்கொண்டு வந்தேன். எழுபதைத் தாண்டியும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறவன் நான். காலை நடையில் கூட வருகிற நண்பர்களுக்கு முருங்கைக்கீரையின் மகிமை பற்றிச் சொற்பொழிவே ஆற்றியிருக்கிறேன். டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“சார், கண்ணுல புரை லேசா ஆரம்பிச்சிருக்கு. அப்படி ஆரம்பிக்கறப்ப சில பேருக்குக் கிட்டப் பார்வை திரும்பி வரும். அதனாலதான் கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்க முடியுது. ஆனா தூரம் சுத்தமா போயிடுச்சு. இப்ப ஆபரேஷன் அவசரம் இல்ல, கண்ணாடி போட்டுக்குங்க.”

நான் ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்த பெருமை, நோயின் ஆரம்பம் என்கிறார்! முருங்கைக்கீரைக்கு என்ன பதில்? வீட்டுக்கு வந்ததும் மகளிடம் ஊசியும் நூலும் கொண்டுவரச் சொன்னேன். ஜன்னல் பக்கம் திரும்பி, ஊசியை மூக்கருகே பிடித்து, ஒரே தடவையில் கோத்துக் காட்டினேன்.

“பாத்தியா?”

“ஊசி கோக்கறதுக்காப்பா கல்யாணத்துக்குப் போறோம்? எதிர்ல நிக்கற அத்தை தெரியல உங்களுக்கு.”

நூல் தொங்கும் ஊசியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதே ஊசியை இன்னொரு கையில் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் கஸ்தூரி கடலூரிலிருந்து தினமும் சிதம்பரம் போய்க் கல்லூரியில் படித்தாள். நான் அங்கேயே படித்து முடித்துவிட்டு, கடலூரில் அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்திருந்தேன். அப்பா காலமாகிவிட்டார். வீட்டில் எதற்கும் முடிவு சொல்கிறவன் நான். சொல்வதில் ஒரு ருசியும் கண்டிருந்தேன். கரும்பலகை தெரியவில்லை, தலை வலிக்கிறது என்று அவள் சொன்னபோது நானே சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு கடைக்கு அழைத்துப் போனேன். இப்போது மஞ்சக்குப்பத்துக் கடையில் ஏ.சி. வாசனை மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தெற்கு வீதிக் கடையில் புது ரெக்ஸின் கூடுகளின் வாசனையும், சக்கரத்தில் கண்ணாடி தேய்க்கிற ஈரமண் வாசனையும் கலந்து வரும். கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. கொஞ்சம் கனம். அவள் மூக்கு சின்னது, அடிக்கடி நழுவும்.

போட்டுக்கொண்டு கீழ வீதிக்கு வந்தோம். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று வேகமாக நடந்தவன் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். நடுத் தெருவில் நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு சைக்கிள்காரர் மணி அடித்துத் திட்டிவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டு போகிறார்.

“அண்ணா, அங்க இவ்ளோ பேர் இருக்காங்களா?”

“எங்க?”

“மேல. பொம்மைங்க. ஒருத்தர் தலைக்கு மேல ஒருத்தரா. நான் ஏதோ குன்று மாதிரி மொழுக்குன்னு இருக்குன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!”

“பஸ்ஸு போயிடும், வா.”

நான் சொன்னது அவ்வளவுதான். என் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தேனே, அந்தச் சந்தோஷத்தை ஒரு நிமிடம் கூட நின்று பார்த்தேனா?

பிறகு நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை ஆலையில் நிரந்தர வேலை. அம்மாவுக்கு ஒரே கவலை. “கண்ணாடி போட்ட பொண்ணுன்னா, நாளைக்குப் பொறக்கற புள்ளைக்கும் வரும்பாங்கடா.” நான் யோசிக்கவே இல்லை. கஸ்தூரியிடம் கையை நீட்டினேன். “கழட்டிக் குடு. கல்யாணம் முடியட்டும், நானே பக்குவமா எடுத்துச் சொல்லிக் குடுத்துடறேன்.” பிள்ளைப் பருவத்தில் பம்பரத்தைப் பிடுங்கினால்கூடச் சண்டை போடுகிறவள், அன்றைக்குப் பேசாமல் கொடுத்தாள்.

சமையலறைக் கதவிலிருந்து பாய் வரைக்கும் அவளை நடக்கவிட்டு ஒத்திகை பார்த்தோம். “வெள்ளச் சட்டைதான் மாப்ள, அவருக்கு மொதல்ல காப்பி குடு” என்று எட்டிப் பார்த்துத் துப்புச் சொன்னேன். என் புத்திசாலித்தனத்தைப் பாருங்கள், வந்திருந்த ஆண்கள் எல்லோருமே வெள்ளைச் சட்டை. முதல் காப்பி தரகருக்குப் போயிற்று. வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பெண்ணைப் பாடச் சொல்கிறவர்கள் உண்டு, நடக்கச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த அம்மாள், “ஒரு ஊசியும் நூலும் குடும்மா” என்றார்.

என் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் சிரிப்பு. கிட்டத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று கடைக்காரர் சொல்லியிருந்தாரே! கஸ்தூரி ஊசியைக் கண்ணருகே கொண்டுபோய் ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தாள்.

“கண்ணுன்னா இது கண்ணு. எறும்புக்கு மை தீட்டுவா போலருக்கே!” என்றார் அந்த அம்மாள். அன்றைக்கே பூ வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நிற்பது என்ன என்று யாரும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் பின் நான் நெல்லிக்குப்பம் போகும்போதெல்லாம், காப்பி கொடுக்கும் சாக்கில் குனிந்து கேட்பாள்: “கொண்டாந்தியாண்ணா?”

“அடுத்த தடவ.”

கண்ணாடி ஒரு கைக்குட்டையில் சுற்றியபடி என் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. மாமியாரின் வாய்க்குப் பயம், வேறொன்றும் இல்லை. அங்கே கஸ்தூரி தெருவில் போகும்போது எதிரே வருகிற உறவுக்காரர்களைத் தாண்டிப் போய்விடுவாள். “பாத்தும் பாக்காத மாதிரி போறா. படிச்ச திமிரு” என்று தெருவே சொல்லிற்று. எனக்கும் அது காதில் விழுந்தது. ஆலையில் கரும்புச் சாறு கொதிக்கிற தித்திப்பு வாசனை ஊரெல்லாம் பரவியிருக்கும்.

ஒருநாள் சாயங்காலம், மாப்பிள்ளையோடு கடைத்தெருவுக்குப் போவதற்காக ஆலை வாசலில் நின்றிருக்கிறாள். சங்கு ஊதியதும் காக்கிச் சட்டைகள் சைக்கிளில் வெள்ளம்போல வந்திருக்கின்றன. ஒரு சைக்கிள் அவளருகே மெதுவாகியிருக்கிறது. கஸ்தூரி உரிமையோடு கேரியரில் ஏறி உட்கார்ந்து, “ஏன் இவ்ளோ லேட்டு?” என்று முதுகில் ஒரு தட்டும் தட்டியிருக்கிறாள். அந்த மனிதர் வேறு யாரோ.

ஊர் பல நாள் சிரித்தது. வீட்டில் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே எனக்கு ஆள் வந்தது. மாமியார் என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டார்: “தம்பி, ஒளிக்காம சொல்லுங்க. இவளுக்குக் கண்ணு இப்பிடின்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

கஸ்தூரி எதிரே கதவோரம் நின்றாள். புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். என் முகம் அவளுக்கு ரேகை ரேகையாகத் தெரிந்திருக்கும்.

“எனக்குத் தெரியவே தெரியாதும்மா.”

கஸ்தூரி சொன்னாள்: “அவருக்குத் தெரியாதத்தே. நான்தான் மறைச்சேன்.”

நான் காப்பி குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஊசி கோத்துக் காட்டிய அன்று இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அதற்கப்புறம்தான் மஞ்சக்குப்பத்து டீக்கடை வாசம். கடைசியில் ஒருநாள், கண்ணாடி வாங்காமலே, டிரங்குப் பெட்டியிலிருந்த பழைய கைக்குட்டையை எடுத்துக்கொண்டு நெல்லிக்குப்பம் போனேன். மாமியார் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாப்பிள்ளை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கஸ்தூரியும் இருந்தாள். கைக்குட்டையை அவிழ்த்து வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். கழற்றியது, பொய் சொன்னது, இரண்டையும்.

மாப்பிள்ளை வெகுநேரம் அந்தக் கறுப்புச் சட்டத்தையே பார்த்தார்.

“எங்கம்மா கடசி வரைக்கும் பீரோ சாவிய இவகிட்ட குடுக்கல மச்சான். மறைச்சி வந்தவன்னே சொல்லிட்டிருந்துது. அம்மாவ விடுங்க. நானும்தான். எந்தச் சண்ட வந்தாலும், ‘ஒண்ண மறச்சவ இன்னொண்ண மறைக்க மாட்டியா’ன்னு கேட்ருக்கேன். எத்தன தடவ கேட்ருப்பேன்!”

எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கஸ்தூரி பழைய கண்ணாடியைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல ஆட்டிவிட்டு, எழுந்து வாசலின் மறு ஓரத்துக்குப் போனாள். அங்கிருந்து குரல் வந்தது: “இத இப்ப எதுக்குண்ணா சொன்ன? அந்த மனுஷன் இனிமே தூங்குவாரா?”

“ஒனக்காகத்தான் கஸ்தூரி. மன்னிச்சிடு.”

“எனக்காகன்னா அன்னைக்கே சொல்லியிருக்கணும். இப்ப சொன்னது ஒனக்காக.” பிறகு சொன்னாள்: “மொதல்ல ஒன் கண்ணாடியப் போட்டுக்கிட்டு வா. நான் இந்தப் பக்கம் ஒக்காந்திருக்கேன். நீ கொடியில காயற புடவைகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிருக்க.”

உண்மைதான். பச்சைப் புடவை.

மறுநாள் டீ குடிக்கவில்லை. நேராகக் கடைக்குப் போய்க் கண்ணாடியை வாங்கிக்கொண்டேன். அடுத்த வாரம் அதைப் போட்டுக்கொண்டு நெல்லிக்குப்பத்தில் இறங்கினேன். ஆலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் மோட்டார் சைக்கிள். காக்கி வெள்ளம் இல்லை, கேரியர் இல்லை. தப்பாக ஏறி உட்காரக்கூட அங்கே ஒரு சைக்கிள் இல்லை.

தெருமுனையில் திரும்பியபோது மாப்பிள்ளை வீட்டிலிருந்து வெளியே வருவது தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்தும் அவர் சட்டைப் பொத்தான் தெரிந்தது, நெற்றியில் விபூதி தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்துச் சந்தில் நுழைந்துவிட்டார். போன வாரமாக இருந்தால், அவர் என்னைக் கவனிக்கவில்லை என்றோ, அது வேறு யாரோ என்றோ சொல்லிக்கொண்டு நிம்மதியாக நடந்திருப்பேன். அந்த மங்கல் எனக்கு எவ்வளவு பெரிய வசதியாக இருந்தது! அது போய்விட்டது.

கஸ்தூரி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள். குழம்பில் உப்புக் கொஞ்சம் ஜாஸ்தி; சொல்லவில்லை. பொழுது சாயும் வரை காத்திருந்தேன். நாற்காலியில் உட்காருவேன், வாசலுக்குப் போவேன், மறுபடி உட்காருவேன். அவர் வரவில்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கேட்டேன்: “மாப்ள எங்கிட்ட எப்பம்மா பேசுவாரு?”

“அடுத்த தடவ” என்றாள்.

குத்தலாகச் சொன்னாளா, ஆறுதலாகச் சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. அது மட்டும் தெரியவில்லை.