வெறுமையாக விட்ட இரண்டு கட்டங்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து நேராக நிற்காது. ஓடுகிற பஸ்ஸில் பிடி இல்லாமல் நிற்கிற ஆளைப்போல முன்னும் பின்னும் சாயும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடத்தைத் தேடவில்லை, பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை. அதற்குப் பிறகு தமிழில் நான் எழுதியதெல்லாம் கடைக்குப் போகிற துண்டுகளும் ஊருக்குப் போட்ட சில கடிதங்களும்தான். நீங்கள் என் சிநேகிதர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீங்களும் அப்படி நினைத்தே வாசியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதன் மேலே வந்தான். பலெர்மோவில், பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் இருக்கிற எங்கள் கட்டடத்தில் அவன் இரண்டாம் மாடி, நான் மூன்றாம் மாடி. என்னைவிடப் பத்து வயது இளையவன். என் மனிசி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மதனின் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடதாசி இருந்தது. அவனுடைய மகனுக்குப் பதின்மூன்று வயது. இந்த நாட்டில் அந்த வயதில் பிள்ளை அடுத்து என்ன பள்ளிக்கூடம் என்று தெரிவு செய்துவிட வேண்டும். லிச்சேயோ என்றால் பல்கலைக்கழகத்தைப் பார்த்த படிப்பு. அல்பெர்கியேரோ என்றால் ஹோட்டல் வேலைக்கான படிப்பு. நடுவில் இன்னும் சில உண்டு. குளிர் மாதத்தில் இன்டர்நெட்டில் பதிய வேண்டும்.

"அண்ணை, உங்கட மகள் அல்பெர்கியேரோதானே படிச்சவ? முடிச்ச கையோடை வேலை. நீங்கள் நல்லா யோசிச்சுச் செய்தனீங்கள்," என்றான் மதன். "இவன் லிச்சேயோ எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறான். வியாழக்கிழமை சிஞ்ஞோராவிட்டை இதைக் கொண்டுபோய்க் காட்டி, அவ சொல்லுறதைப் போடுவம் எண்டிருக்கிறன்."

சிஞ்ஞோரா என்றால் அவன் வேலை செய்கிற வீட்டுக்காரி. என் மனிசி அடுப்படியில் இருந்தபடியே குரல் கொடுத்தாள்.

"லிச்சேயோவிலை எங்கட பிள்ளையளை எடுக்க மாட்டாங்கள், மதன். அபிராவுக்கு இடம் இல்லையெண்டுதானே சொன்னவங்கள். இந்தா இருக்கிறார், கேளுங்கோ இவரை."

மதன் என்னைப் பார்த்தான். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன்.

"சீனி காணுமோ, இன்னும் போடட்டோ?" என்று கேட்டேன்.

அவன் குடித்துவிட்டுப் போய்விட்டான். அந்த வெங்காய மணமும் பிளாஸ்டிக் உறையும் நான்கு நாளாக என்னை விடவில்லை.

எங்கள் ஆட்களின் வீடுகளில் அலுமாரியைத் திறந்தால் உடுப்புக்கு முன்னால் கடதாசிப் பைதான் கையில் தட்டுப்படும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு உறைக்குள் இருக்கும். ஊரில் ஓடிய காலத்தில் பிறந்த பழக்கம் அது. சோற்றுப் பானையை விட்டுவிட்டு ஓடுவோம், பிறப்புச் சான்றிதழை விடமாட்டோம். பலெர்மோவுக்கு வந்தபிறகு பையின் பாரம் கூடியது. ஆனால் அதற்குள் இருந்த எதையும் எங்களால் சரியாக வாசிக்க முடியவில்லை. அதனால் ஒரு வழக்கம் உண்டாயிற்று. என்ன கடிதம் வந்தாலும், மின்சாரக் கட்டணமோ பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற அழைப்போ, வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவிடம் கொண்டுபோய் நீட்டுவது. அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பா. நாங்கள் பக்கத்தில் நிற்போம். அவ தலையாட்டினால் எங்களுக்கு மூச்சு வரும்.

என்னுடைய சிஞ்ஞோராவின் வீடு பணக்காரர் இருக்கிற லிபெர்த்தா வீதியில், நான்காம் மாடியில் இருந்தது. பளிங்குத் தரை, உயரமான மரக் கதவுகள். கிழமையில் ஐந்து நாள், பதினெட்டு வருடம் அந்தத் தரையைத் துடைத்தேன். அவ கெட்டவ இல்லை, அதையும் சொல்லவேண்டும். எனக்கு ஈமெயில் திறந்து தந்தவ அவதான். அதன் கடவுச்சொல்கூட அவவின் மேசை லாச்சிக்குள் ஒரு சிவப்புக் கொப்பியில் இருந்தது. என் வீட்டுக் கதவுத் திறப்பு ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அந்த லாச்சிக்குள் இருந்தது என்று நினைக்கிறேன்.

அபிராவைப் பற்றிச் சொல்லவில்லையே. அவள் எங்கள் ஒரே பிள்ளை. எட்டு வயதிலேயே வைத்தியரிடம் எனக்காகக் கதைத்தவள். அவர் கேட்பதை எனக்குத் தமிழில் சொல்வாள், நான் சொல்வதைச் சிசிலிக்காரப் பிள்ளைகளின் இழுவையோடு அவருக்குச் சொல்வாள். "அப்பா, மலம் எப்பிடிப் போகுது எண்டு கேக்கிறார்," என்று ஒருநாள் அவள் உரக்கக் கேட்டதும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பிறவிக் கூச்சம். முடி வெட்டுகிறவன் "இன்னும் குறைக்கட்டோ?" என்றால் ஓம் என்பேன். மறுபடி கேட்டால் மறுபடியும் ஓம். அப்படி ஒருமுறை மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்தபோது, "என்ன, நேர்த்திக்கடனோ?" என்று மனிசி கேட்டாள்.

அபிராவுக்குப் பன்னிரண்டு வயதான வருடம் அவளின் பள்ளிக்கூடத்தில் மைக்ரொஸ்கோப்பில் வெங்காயத் தோலைக் காட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பையைக்கூடக் கழற்றவில்லை. அடுப்படி யன்னலில் ஒரு தோலைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இஞ்சை வாங்கோ. இதுக்குள்ளை செங்கல் அடுக்கின மாதிரிக் கிடக்கு. எல்லாத்துக்குள்ளையும் கிடக்காம். எங்களுக்குள்ளையும்."

எனக்கு வெங்காயத் தோல்தான் தெரிந்தது. "ஓம் பிள்ளை, கிடக்கு," என்றேன். "பொய். உங்களுக்குத் தெரியேல்லை," என்று சிரித்தாள். அன்றுமுதல் லிச்சேயோவில் விஞ்ஞானம்தான் படிப்பேன் என்று ஒரே கதை. கோடை விடுமுறையில் தாயோடு மலைக்கோயிலுக்கு நடந்துபோய், இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடமும் அதையே கேட்டிருந்தாள்.

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்பு ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த ஆலோசனைக் கடதாசி வந்தது. இந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று எழுதியிருப்பார்கள். அபிரா அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். லிச்சேயோ என்றே எழுதியிருந்தது. இதை நான் அழுத்தி எழுதுகிறேன். பள்ளிக்கூடம் எங்களைத் தள்ளவில்லை. தை மாதம் பதிவு தொடங்கியதும் கடதாசியை அவளே உறைக்குள் போட்டு என் கையில் தந்தாள்.

"இதைச் சிஞ்ஞோராவுக்குக் காட்டுங்கோ அப்பா. வாயாலை சொல்லத் தேவையில்லை. நீட்டினால் போதும்."

என் கூச்சம் தெரிந்த பிள்ளை.

மறுநாள் அதை ஜக்கெற்றின் உள்பையில் வைத்துக்கொண்டு போனேன். ஜக்கெற்றைக் கதவுக்குப் பக்கத்துக் கொழுக்கியில் மாட்டினேன். வாளி, துணி, வரெக்கினா என்று வேலையைத் தொடங்கினேன். வரெக்கினா என்பது தரைக்கு ஊற்றுகிற வெளுப்புத் தண்ணீர். அதன் மணம் இன்றைக்கும் எனக்கு அந்த நாளைத்தான் கொண்டுவரும். பத்து மணிபோலச் சிஞ்ஞோரா கோப்பி ஊற்றிக்கொண்டு கூப்பிட்டா. "மகளைப் பதிய வேண்டுமென்றாயே, வா." அதற்கு இரண்டு நாள் முன்னர்தான் தன் பேரன் தாத்தா படித்த லிச்சேயோவுக்கே போகிறான் என்று பூரித்துப்போய்ச் சொல்லியிருந்தா.

அவ கணினியின் முன்னால் இருந்தா. நான் கதிரைக்குப் பின்னால், ஈரத் துணி கையில், நின்றேன். எழுத்தும் இலக்கமுமாகப் பதினாறு வருகிற என் வரிப் பதிவு எண்ணைக் கேட்டா. அந்தப் பதினாறையும் தட்டுத்தடங்கல் இல்லாமல் சொன்னேன். பார்த்தீர்களா, வாய் திறக்கத் தெரியாதவன் இல்லை நான்.

பிறகு பள்ளிக்கூடத்தின் பெயர் எழுதுகிற இடம் வந்தது. அவ திரும்பிப் பார்த்துச் சிரித்தா.

"அல்பெர்கியேரோதானே? கைத்தொழில். உடனே வேலை. உன் மகள் நல்ல பழக்கவழக்கமான பிள்ளை, விருந்தாளிகளுக்குப் பிடிக்கும். லிச்சேயோ போனால் வீட்டில் யார் பாடம் சொல்லிக் கொடுப்பது, இல்லையா?"

எனக்கு விளங்கவில்லை என்று இன்றைக்கு எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. உறை கொழுக்கியில் இருந்தது. பதினைந்து அடி தூரம். துடைக்கிறவனுக்கு அந்த வீட்டின் அளவு தெரியும்.

"ஸீ, சிஞ்ஞோரா," என்றேன். ஓம், சிஞ்ஞோரா.

அவ எழுதினா. கீழே இன்னும் இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டாவது விருப்பம், மூன்றாவது விருப்பம். "இதில் ஏதாவது போடவா?" என்று கேட்டா. கடவுள் எனக்கு இரண்டுமுறை மேலதிகமாகக் கதவு திறந்தார் என்றுதான் சொல்லவேண்டும். "வேண்டாம், சிஞ்ஞோரா. அது போதும்," என்றேன். அவவுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்று பட்டது. கோப்பி ஆறிப்போகும் என்றும் பட்டது. பிறகு போய் மிச்சத் தரையைத் துடைத்தேன். அன்று தரை நன்றாக மினுங்கியது.

பஸ்ஸில் வரும்போது என்ன சொல்வது என்று யோசித்தேன். அபிரா கதவடியில் நின்றாள்.

"போட்டாச்சோ அப்பா?"

"லிச்சேயோவிலை இடம் முடிஞ்சுதாம் பிள்ளை. வேறை ஒண்டிலைதான் கிடக்காம்."

இவ்வளவு நேர்த்தியாக நான் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை. மனிசி அழுதாள், இந்த நாட்டைத் திட்டினாள். அபிரா அழவில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு, அவளைவிடப் புள்ளி குறைந்த ஒரு சிநேகிதி அதே லிச்சேயோவில் கடைசி நாளன்று பதிந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறாள். அன்று சாப்பாட்டு மேசையில் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ தெரியாது. பள்ளிக்கூடம் தொடங்க அப்போதும் நிறைய நாள் இருந்தது. பள்ளிக்கூடக் கந்தோருக்குப் போய் மாற்றக் கேட்டிருக்கலாம். வழி இருந்ததோ இல்லையோ, கேட்டிருக்கலாம். கந்தோரில் ஆட்களோடு கதைக்க வேண்டுமே என்று நான் போகவில்லை.

ஹோட்டல் பள்ளிக்கூடத்தில் முதல் இரண்டு வருடமும் எல்லாரும் அடுப்படி பழக வேண்டும். அவள் வீட்டுக்கு வரும்போது விரல்களில் வெங்காயம் மணக்கும். மூன்றாம் வருடத்தில் மறுபடி ஒரு தெரிவு வந்தது: சமையல், பரிமாறுதல், வரவேற்பு. இந்தமுறை நான் வலியப்போய், "உனக்கு எது விருப்பம்?" என்று கேட்டேன்.

"எது எண்டாலும் ஒண்டுதான் அப்பா," என்றாள்.

படிவத்தைத் தானே நிரப்பிவிட்டாள். கையெழுத்து வைக்கிற இடத்தை மட்டும் விரலால் காட்டினாள். அதற்குப் பிறகு எந்தக் கடதாசியும் என்னிடம் வரவில்லை. கொஞ்சக்காலம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் பரிமாறினாள். இப்போது வடக்கே, பனிமலைப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் இருக்கிறாள்.

போன நத்தாருக்கு மூன்று நாள் லீவில் வந்திருந்தாள். வீட்டுக்கு வந்தவர்களிடம் மனிசி வழக்கம்போல அந்தக் கதையை எடுத்தாள். இடம் இல்லையெண்டு சொல்லிப்போட்டாங்கள், எங்கட பிள்ளையின்ரை படிப்பைக் கெடுத்துப்போட்டாங்கள் என்று. ஒருவர் அபிராவிடம், "உண்மையாவோ?" என்று கேட்டார். அபிரா மேசையில் இருந்த தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் நான்கு தட்டுகள், வேலையில் பழகினபடி.

"ஓம் அங்கிள். இடம் இல்லையெண்டுதான் சொன்னவை."

என்னைப் பார்க்கவில்லை. தட்டுகளோடு உள்ளே போய்விட்டாள். இத்தனை வருடமாக என்னைக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

சிஞ்ஞோராவை மகன் உரோமுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த வீட்டை இப்போது உல்லாசப் பயணிகளுக்கு நாள் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். கணினி இருந்த அறையில் கட்டில் போட்டிருக்கிறார்களாம். சிவப்புக் கொப்பியை யார் எறிந்தார்களோ தெரியாது. உறைக்குள் இருந்த கடதாசியை மட்டும் நான் எறியவில்லை. நீட்டவும் இல்லை. ஞாயிறுகளில் அபிரா ஃபோன் எடுப்பாள். சாப்பிட்டியோ என்றால், ஓம் அப்பா. வேலை பரவாயில்லையோ என்றால், ஓம் அப்பா. அந்தக் குரல் எனக்கு நல்ல பழக்கம். பதினெட்டு வருடம் நான் லிபெர்த்தாவில் பேசிய குரல் அது. "பொய், உங்களுக்குத் தெரியேல்லை" என்று யன்னலடியில் சிரித்த குரலை அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

மதன் நாளைக்குச் சிஞ்ஞோராவிடம் போகிறான். முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல என்னால் முடியாது. ஞாயிறன்று முடியவில்லை, நாளைக்கும் முடியாது. அதனால்தான், நேரே அவனுக்கென்று எழுதவும் கூச்சப்பட்டு, யாரோ ஒரு சிநேகிதருக்குப் போல எழுதினேன். விடிய அவன் வேலைக்கு இறங்குமுன் இதை அபிராவின் கடதாசி கிடந்த அதே உறைக்குள் போட்டு, அந்தக் கடதாசியோடு சேர்த்து அவன் கதவுக்குக் கீழே தள்ளிவிடுவேன். அதற்கு முதல் மனிசி வாசிக்க வேண்டும். அவள் இப்போது வேலையால் வருகிற நேரம். மேசையில், சீனிப் பேணிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

தை மாதம் இருபத்தோராம் திகதி, புதன்கிழமை.