கதவைப் பிடித்த நாலு விரல்

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் சுவரைத்தான் பார்ப்பார். மாட்டியிருக்கும் படம் ஒரு நூல் சாய்ந்திருந்தால் போதும், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு போய் அதை நிமிர்த்திவிட்டுத்தான் உட்காருவார். முப்பது வருஷமாக இதைப் பார்த்துச் சலித்த மச்சினன் அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம். தளம் சமமாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்க்கும் கருவியின் பெயர்.

ரசமட்டத்தின் தொழில் கட்டடங்களைப் படம் பிடிப்பது. கல்யாணப் படங்களில் தொடங்கியவர்தான். "மனுஷங்க அசையறாங்க, கண்ண மூடிடறாங்க, அப்புறம் நம்மளத் திட்டறாங்க. சுவர் திட்டாது" என்று மாறிக்கொண்டார். அவர் படங்களில் ஈ காக்கை இருக்காது.

ஆனால் பாதிப் படங்களில் அவர் மனைவி இருந்தாள், கண்ணுக்குத் தெரியாமல். ஆடும் திரையைப் பிடித்தபடி தூணுக்குப் பின்னால் நிற்பாள். குறுக்கே நீளும் கிளையை வளைத்துக்கொண்டு சுவர் ஓரத்தில் குந்தியிருப்பாள். வருகிறவர்களிடம் ஆல்பத்தை நீட்டி, "இதுல நான் எங்க இருக்கேன், சொல்லுங்க பாக்கலாம்" என்பாள். யாரும் சொன்னதில்லை.

"நான் தெரியற மாதிரி ஒரே ஒரு படம்ங்க."

"அடுத்த கட்டடத்துல. சத்தியமா."

அந்தச் சத்தியத்தை நம்பி அவள் கூடத்துச் சுவரில் ஆணியே அடித்துவிட்டாள்.

ஒரு நூலகத்தில்தான் அவர் கோட்டை விட்டார். தானாக மூடிக்கொள்ளும் கனத்த மரக்கதவை அவள் பின்னால் நின்று பிடித்திருந்தாள். வீட்டில் கணினியில் பார்த்தால், கதவு விளிம்பில் நாலு விரல்!

"ஐயோ, நான்!" என்று துள்ளினாள். "அப்படியே அனுப்புங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

அவரும் அனுப்பினார். மறுநாளே கட்டடம் வடிவமைத்தவர் கூப்பிட்டார்: "சார், கதவுல யாரோ தொங்கறாங்களே?"

துணி மடித்துக்கொண்டிருந்தவளை அவர் ஒருமுறை பார்த்தார். 'யாரோ இல்லை' என்று சொல்ல எத்தனை நேரம் பிடித்திருக்கும்? "எடுத்துடறேன் சார்" என்றார்.

விரல்கள் மறைய இரண்டு நிமிஷம் ஆயிற்று. அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். அதுதான் அவரை உறுத்தியது. கேமராவை எடுத்து வந்து, அவளைக் கூடத்திலேயே நிற்க வைத்தார்.

"கொஞ்சம் தள்ளும்மா, ஜன்னல் மறைக்குது."

தள்ளினாள்.

"இன்னும் கொஞ்சம். நிழல் விழுது."

"இதுக்கு மேல தள்ளினா சமையலறைங்க!" உள்ளிருந்துதான் குரல் வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட, அப்படியே பொத்தானை அழுத்திவிட்டார். படத்தில் ஜன்னல் மட்டும் அருமையாக விழுந்திருந்தது.

பிறகு அவருக்கு முழங்கால் வலி படுத்தியது. கேமரா அலமாரிக்குள் போயிற்று. ஒரு மழைநாளில் வந்த மச்சினன், குடையை அந்த ஆணியில் மாட்டப் போனான்.

"டேய், அதுல மாட்டாத. உங்க அக்கா படத்துக்கு வெச்ச இடம்."

"எந்தப் படம் மாமா?"

நேராகவே இருந்த நாள்காட்டியை அவர் நிமிர்த்தப் போனார்.

"மாட்டுடா," என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "படம் வந்தா குடைய எடுத்துக்கலாம்."

இப்போதும் அந்த ஆணியில் குடைதான் தொங்குகிறது.