மெதுவாக விட்டால் நின்றுவிடும் கார்

அந்த ஐப்பசியில் எங்கள் காருக்கு ஒரு குணம் வந்திருந்தது. விரட்டினால் ஓடும், மெதுவாக விட்டால் குலுங்கி நின்றுவிடும். அடையாறில் எங்கள் வீடு, மயிலாப்பூரில் அக்காவைக் காட்டிக்கொண்டிருந்த நர்சிங் ஹோம், நடுவில் பாலம். பாலத்தில் லாரிகளும் மாட்டு வண்டிகளும் ஊர்ந்துதான் போகும். நின்றுபோவதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

அக்காவுக்கு அது இரண்டாவது பிரசவம். முதல் முறை, எங்கள் வீட்டுக்குக் கூட்டி வருவதற்குள், மாதம் நிறையும் முன்பே புகுந்த ஊரில் வலி எடுத்துவிட்டது. வண்டி பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. கூட்டி வரப் போயிருந்த அப்பா வெளியே காத்திருந்தார்; குழந்தை அழவேயில்லை. இந்த முறை டாக்டரம்மா அப்பாவைத் தனியாக அழைத்து, "வலி வந்ததும் கிளம்பிடணும். வண்டி இருக்குல்ல?" என்று கேட்டார். இருக்கு என்றார் அப்பா.

அந்த வார்த்தைக்காகத்தான் காரின் டைமிங் செயினை மாற்றினார். என்ஜினின் முன்பக்கத்தில் இரண்டு பல்சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலி அது. நான்கு சிலிண்டர்களின் வால்வுகளும் திறந்து மூடும் நேரத்தை அதுதான் பிடித்து வைக்கும். பழையது தளர்ந்து சலங்கை மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே படுத்துவிடும். சங்கிலியும் சக்கரங்களும் புதிதாக வாங்கி, ஆயுத பூஜையில் வைத்துக் கும்பிட்டு, மறுநாள் மெக்கானிக்கை வரவழைத்து மாட்டச் சொன்னார். சலங்கைச் சத்தம் போய்விட்டது. இந்தக் குலுக்கல் வந்தது.

மெக்கானிக் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வருவார். எங்கள் ஷெட்டிலேயே வேலை செய்வார்.

"புது செயினுமா. பயகறதுக்குக் கொஞ்ச நாளாவும். புதுப் பொண்ணு மாதிரி."

"புதுப் பொண்ணு இப்படியா இருமும்?" என்றேன்.

"இன்னாமா நீ, எல்லாத்துக்கும் ஒரு கேள்வி கேக்கறே."

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் வரைபட மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். கேள்வி கேட்பதற்குத்தான் சம்பளம். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் சந்தேகங்களை வரிசையாக எழுதினேன். பிளக், பிளக் வயர்களின் வரிசை, பாயிண்ட் இடைவெளி, கார்புரேட்டரில் அழுக்கு, எங்கேயாவது காற்றுக் கசிவு. ஆபீஸ் விட்டு வந்ததும், வெளிச்சம் இருக்கும் வரை, ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்தேன்.

அம்மா காபியோடு ஷெட் வாசலில் நிற்பாள். "உன்னைப் பெண் பார்க்க வர்றவங்க முதல்ல உன் நகத்தைப் பார்க்கப் போறாங்கடி."

அக்கா சிரிக்க மாட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் காரை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் வயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்பாள். என்ஜின் இரண்டு முறை இருமி அடங்கும். அவள் ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஆற்றங்கரைக் குடிசைக்காரர்கள் பாயும் பாத்திரமுமாக ரோட்டுக்கு ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

தாளில் எல்லாவற்றையும் அடித்த பிறகும் கார் குலுங்கியது. கடைசியில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, துளையை என் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அப்பாவை ஹேண்டில் போட்டு என்ஜினைச் சுற்றச் சொன்னேன். உள்ளே அழுத்தம் சரியாக இருந்தால் விரலைத் தள்ளிவிடும். முதல் சிலிண்டர் லேசாக ஊதியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, நான்காவதும் அதே மாதிரி. ஒன்று மட்டும் பழுதென்றால் அதற்கென்று ஒரு காரணம் இருக்கும். நான்கும் ஒன்றுபோல் பலவீனமாக இருந்தால், நான்குக்கும் பொதுவான ஒன்றுதான் தப்பு. அது சங்கிலி.

"திரும்பவும் பிரிக்கணும்பா," என்றேன்.

அப்பா வானத்தைப் பார்த்தார். பிரித்தால் ரேடியேட்டரையும் இறக்க வேண்டும். பகல் முழுக்கக் கார் கிடையாது. பிரிக்காவிட்டால் பாலத்தில் நிற்கும். "இன்னும் பத்து நாள் இருக்குன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க," என்றார், என்னிடம் இல்லை, தனக்கே சொல்லிக்கொள்வது போல.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக் வந்து பிரித்தார். வெயில் வருவது போல வந்து போய்விட்டது. மூடியைக் கழற்றியதும் நான் பல்சக்கரங்களைப் பெட்ரோலில் பிரஷ் போட்டுத் துடைத்தேன். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சின்னக் குழி அடித்திருப்பார்கள். மாட்டும்போது இரண்டு குழிகளும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும். சின்னச் சக்கரத்தில் குழி இருந்தது. பெரியதில் இல்லை.

"எதை வச்சு மாட்டினீங்க?"

"செவப்புப் புள்ளி வச்சிருந்தாங்கோமா. ஃபாக்டரி மார்க்குன்னு அத்த நேரா வச்சிப் பூட்னேன்."

நான் ஊசியால் பெரிய சக்கரத்தைத் தடவிக்கொண்டே போனேன். அவர் நேராக வைத்த பல்லுக்கு ஒரு பல் தள்ளி, ஊசி லேசாக இறங்கியது. குழிக்குள் ஏதோ கெட்டியாக அடைத்திருந்தது. நோண்டி எடுத்து விரலில் நசுக்கினேன். எண்ணெயில் கறுத்துப்போன சந்தனம்.

அப்பா அதைப் பார்த்தார். ஆயுத பூஜையன்று ஒவ்வொரு சாமானாகத் துடைத்துச் சந்தனம் தடவி, அழகாகப் பல்லின் நடுவில் குங்குமப் பொட்டு வைத்தவர் அவர்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள். அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அக்கா கூடத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கீழே தரை நனைந்திருந்தது. ஷெட்டில் ரேடியேட்டர் சுவரில் சாய்ந்திருந்தது, சங்கிலி தாம்பாளத்தில் கிடந்தது. வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. அப்பா குடையோடு டாக்ஸி தேடி ஓடினார். நனைந்து, குடை மடங்கி, தனியாகத் திரும்பி வந்தார். ரோட்டில் கணுக்கால் தண்ணீர், டாக்ஸி ஒன்றும் வரவில்லை என்றார்.

"பயப்படாதேம்மா," என்றார் மெக்கானிக் அக்காவைப் பார்த்து. பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "நீ மார்க்கைப் பிடி. நான் செயினைப் போடறேன்."

குழியும் குழியும் பார்த்துக்கொண்டன. மூன்று முறை பார்த்தேன். மூடி, ரேடியேட்டர், ஹோஸ் என்று கைகள் ஓடின. அம்மா வாளியில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினாள். அப்பா சாவியைத் திருப்பினார்.

என்ஜின் உடனே பிடித்தது. இருமவில்லை. பானெட்டின் மேல் இருந்த ஸ்பேனர் கூட ஆடவில்லை.

மெக்கானிக்கும் நானும் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டோம். பின்னால் அம்மாவின் மடியில் அக்காவின் தலை. பாலத்தில் ஜனங்கள் மூட்டையோடும் ஆடுகளோடும் நிறைந்திருந்தார்கள். ஆறு செம்மண் நிறத்தில், கதவுப் பலகை ஒன்றைச் சுழற்றிக்கொண்டு போனது. நடந்து போகிறவர்களை விட மெதுவாகப் போனோம். கார் நிற்கவில்லை.

ஆனால் வெப்பம் காட்டும் முள் ஏறிக்கொண்டிருந்தது. அவசரத்தில் ஹோஸ் கிளிப் ஒன்று சரியாக இறுகவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் முள்ளைப் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். பின்சீட்டில் அக்கா, "நின்னுடுச்சா? நின்னுடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"ஓடுதுமா, ஓடுது," என்றார் மெக்கானிக்.

முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் நர்சிங் ஹோம் வாசல் வந்தது. அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள், அம்மாவும் கூடப் போனாள். காரின் முன்பக்கத்திலிருந்து நீராவி சீறியது. நான் பானெட்டைத் தூக்கப் போனேன்.

"தொடாதே. மூஞ்சில அடிக்கும்," என்று மெக்கானிக் என் கையை இழுத்தார்.

மூவரும் போர்டிகோவில் நின்றோம். சீறல் வெகுநேரம் கேட்டது, மெல்லக் குறைந்தது, நின்றது. அதன் பிறகு இருந்த மௌனத்தில் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். இதே மௌனத்தை முன்பு ஒருமுறை கேட்டவர் அவர்.

மாடி ஜன்னலிலிருந்து, மெலிதாக, கோபமாக, ஓர் அழுகை வந்தது.

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "அதுதானா?" என்று என்னைக் கேட்டார். அது மறுபடி அழும்வரை நானும் பதில் சொல்லவில்லை.