மச்சானோடு முடிவெட்டப் போனது

அவளுடைய அண்ணன் என்னை எடைபோட்டுப் பார்க்கவே சேலத்திலிருந்து பெங்களூருக்கு வந்தார். நானும் அவளும் ஒரே சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தோம். மூன்று வருஷப் பழக்கம். வீட்டில் விஷயத்தை உடைத்தபோது அண்ணன் சாதியைக் கேட்கவில்லையாம். அதெல்லாம் அந்தக் காலம் என்றாராம். பையனின் அப்பா என்ன செய்கிறார் என்று மட்டும் கேட்டாராம். கேட்கிற விதம்தான் வேறு, கேள்வி ஒன்றுதான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். ஃபேன்சி ஸ்டோர்.

என் அப்பா ஆஸ்டின் டவுனில் சலூன் வைத்திருந்தார். இரண்டு நாற்காலி, எதிரும் புதிருமாகக் கண்ணாடி, ஒரு டிவி. நான் தின்ற சோறும் படித்த படிப்பும் அந்தக் கடையிலிருந்து வந்தவை. இது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

"தாலி ஏறட்டும். அப்புறம் அண்ணன்கிட்ட நானே பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றாள்.

நான் தலையாட்டினேன். அவளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அந்தப் பொய் எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். ஃபேன்சி ஸ்டோரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அண்ணன் வந்த சனிக்கிழமை அவரை எங்கே கூட்டிப்போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார். பிரிகேட் ரோடு பக்கம் பழைய காலத்து சலூன் ஒன்றைப் புதிதாகத் திறந்திருக்கிறார்களாம், பேப்பரில் படித்தாராம், இரண்டு பேருமாகப் போய் முடிவெட்டிக்கொள்ளலாமாம். வேறு இடமா கிடைக்கவில்லை இந்த மனுஷனுக்கு?

உள்ளே போனதும் சிரிப்புதான் வந்தது. காசு கொடுத்துச் செய்த பழமை. எங்கள் அப்பா காயலான் கடைக்குப் போட்டுவிட்டு ரெக்சின் நாற்காலி வாங்கினாரே, அதே மாதிரி இரும்பு நாற்காலிகளுக்குப் பாலிஷ் போட்டு வரிசையாக வைத்திருந்தார்கள். பித்தளைக் கிண்ணம், படிகாரக் கட்டி, யாரோ வெள்ளைக்காரர்கள் தாடியோடு நிற்கிற படங்கள். ஊரில் எல்லா சலூனும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். இவர்கள் வாரம் முழுவதும் திறந்திருப்பார்கள் என்று வாசலில் எழுதியிருந்தது. முடிவெட்டுகிறவர்களுக்கு வெயிஸ்ட்கோட்டும் கழுத்தில் போ-டையும் மாட்டிவிட்டிருந்தார்கள். எங்களுக்கு வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். தலைக்குச் சாயம் அடித்திருந்தார். முதலில் அண்ணனுக்குத் துணி போர்த்தினார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அண்ணன் ரொம்ப உற்சாகமாக இருந்தார்.

"எங்க ஊர்ல எல்லாம் ஆளு வீட்டுக்கே வருவானுங்க. கொல்லையில பலகையைப் போட்டு உக்காந்தா வெட்டிட்டுப் போயிருவான். நெல்லு அறுத்தா ரெண்டு மரக்கா போடுவோம். இப்பப் பாருங்க, ஏசியில உக்கார வச்சு நம்மள சார்ங்கறான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணாடியில் என் சிரிப்பைப் பார்த்தேன், நல்ல பொருத்தமான சிரிப்பு. பின்னால் நின்றவர் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை. காதில் விழாத மாதிரியே வேலை செய்தார். என் அப்பாவும் இப்படித்தான் எத்தனையோ பேச்சைக் காதில் வாங்காமல் வெட்டியிருப்பார்.

கண்ணாடி மேடையில் மரத் தட்டு ஒன்றில் பழைய மடக்குக் கத்தியை அழகுக்காக வைத்திருந்தார்கள். அண்ணன் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அதை எடுத்தார். திறக்கத் தெரியவில்லை. கத்தியின் கூர்ப்பக்கத்தில் விரலைக் கொடுத்து இழுக்கப் பார்த்தார். இன்னொரு இழுப்பு இழுத்திருந்தால் விரல் போயிருக்கும். நான் எழுந்து சட்டென்று அவர் கையிலிருந்து வாங்கினேன்.

அதோடு மூடித் தட்டில் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. கட்டைவிரலால் தள்ளித் திறந்தேன், பிடியை விரல்களுக்குப் பின்னால் மடித்துவிட்டேன், இடது உள்ளங்கையில் போகிற போக்கில் ஒரு தரம், திருப்பி வருகிற போக்கில் ஒரு தரம் தீட்டினேன். எதையும் நினைத்துச் செய்யவில்லை. கை செய்தது. கடை சாத்துகிற நேரத்தில் அப்பாவின் கத்திகளைத் துடைத்து வைத்த கை.

கத்தரிக்கோல் நின்றுவிட்டது. பின்னால் நின்றவர் கண்ணாடி வழியாக என் கையைப் பார்த்தார், அப்புறம் முகத்தைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க ஆஸ்டின் டவுன் தானே?"

நான் கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உங்கப்பா கடையில ரெண்டு வருஷம் வேலை செஞ்சேன் தம்பி. நீங்க அப்ப ஹைஸ்கூல். அப்பா நல்லா இருக்காரா? இன்னும் கடையிலதான் நிக்கிறாரா?"

அப்போதுதான் எனக்கும் ஆளைத் தெரிந்தது. சாயமும் போ-டையும் இல்லாமல் பார்த்தால் அதே முகம். ஒரு தீபாவளிக்கு எனக்குச் சட்டைத் துணி எடுத்துக் கொடுத்தவர். அண்ணன் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டியதெல்லாம் ஒன்றுதான். இப்போது ஆமாம் என்றால் அவள் போய்விடுவாள்.

"நீங்க வேற யாரையோ நினைச்சுட்டுப் பேசுறீங்க. எங்கப்பா ஃபேன்சி ஸ்டோர் வச்சிருக்கார். எங்களுக்கும் சலூனுக்கும் சம்பந்தமே இல்லை" என்றேன்.

சம்பந்தமே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. யாரும் அதைக் கேட்கவில்லை.

அவர் கத்தரிக்கோலை மேடையில் வைத்தார். பிறகு, "சாரி சார். ஆள் மாறிப் போச்சு" என்றார். தம்பி அதோடு சார் ஆகிவிட்டான். என் கையிலிருந்த கத்தியை அவரே வாங்கி, மூடி, தட்டில் வைத்தார். எனக்கு முடிவெட்டும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. குறை சொல்ல முடியாத வேலை. பிடரியில் அவர் கை பட்டபோதெல்லாம் எனக்குக் கூசியது.

வெளியே வந்ததும் அண்ணன் என் தோளில் கை போட்டார்.

"அவனுங்களுக்கு எல்லாரும் அவனுங்க சொந்தக்காரங்க மாதிரியே தெரியும்போல. விடுங்க மாப்பிள்ளை" என்றார்.

அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தார். மாப்பிள்ளை என்ற வார்த்தையைக் கேட்க நான் மூன்று வருஷம் காத்திருந்தேன். கிடைத்துவிட்டது. த்தூ.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டு வீட்டுக்குப் போனேன். அவள் வீட்டில் கல்யாணத் தேதி குறித்துவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லது. பொண்ணு நல்ல பொண்ணா இருந்தா சரி" என்றார். பேப்பரை மடித்து வைத்தார்.

"முந்தாநேத்து கடைக்கு ஒருத்தன் வந்திருந்தான். நம்மகிட்ட முன்னாடி வேலை செஞ்சவன். உன்னைப் பார்த்தேன்னான். நீ இல்லவே இல்லைன்னியாம். ஃபேன்சி ஸ்டோர்னியாம்."

நான் பேப்பரை எடுத்துப் பிரித்தேன்.

"அவனுக்கு மனசு ஆறல. அது என் பையன் இல்லடா, அவன் மெட்ராஸ்ல இருக்கான், நீ வேற யாரையோ பார்த்திருப்பேன்னு சொல்லி அனுப்பிட்டேன். நம்பினானா இல்லையா தெரியல. டீ குடிச்சிட்டுப் போனான்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், காலில் விழுந்திருப்பேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. கடைக்குச் சாமான் வாங்குவது பற்றிப் பேசுகிற குரலில் பேசினார்.

"பத்திரிகை அடிப்பீங்க இல்ல. அதுல என் பேரு இருந்தா, இவனை மாதிரி நாலு பேரு மண்டபத்துக்கு வருவான். சலூன்காரங்க சங்கத்துல எல்லாருக்கும் என்னைத் தெரியும். அங்க வந்து ஒருத்தன் வாயை விட்டா உன் பாடு கஷ்டம். அதனால ஒண்ணு செய். என் பேருக்கு முன்னாடி காலஞ்சென்றன்னு போட்டுடு. யாரும் கேக்க மாட்டாங்க."

நான் உடனே, என்னப்பா இப்படிப் பேசுறீங்க என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கத்தான் போனேன். அதற்கு முன்னால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அண்ணனிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொண்டு அப்படிப் போட்டால் சரியாக வருமா என்று யோசித்தேன்.

அப்பா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.