சூரிச்சில் பதினொரு நாள்

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. டொரொண்டோ டவுன்டவுனில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை, கையில் கனடா பாஸ்போர்ட். இவ்வளவும் இருந்தும் மூன்று கிழமை ஐரோப்பாவுக்குப் போய்வர அம்மாவிடம் ஏழு மாதம் மன்றாட வேண்டியிருந்தது. பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் வரச் சுணங்கினால் படியால் இறங்கி ஓடுகிற ஆள் நான். தொண்ணூறுகளின் அந்தக் கடைசி வருடங்களில் ஸ்கார்பரோ எனக்கு மூச்சு முட்டியது. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு அன்ரி, எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஒரு அங்கிள், நான் ஆற்றை பிள்ளை என்ற கேள்வி. மூன்றே மூன்று கிழமை யாருடைய பிள்ளையாகவும் இல்லாமல் தெருவில் நடக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

கூட வருவதாக இருந்தவள் அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசைக்காரி. என்னைவிட ஆறு வயது மூப்பு. தகப்பன் இல்லாத வீட்டில் இரண்டு தங்கைகளைப் படிப்பித்துக் கட்டிக்கொடுத்தவள். அவள் பயந்த சுபாவம். சப்வேயில் கடைசிப் பெட்டியில் ஏறமாட்டாள், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் நடப்பாள். ரயில் அட்டவணையைப் பார்த்து, பாஸ் எடுத்து, முதுகுப்பை வாங்கி எல்லாம் செய்தது நான். அவள் என் பின்னால் வந்தாள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அம்மா திடீரென்று சம்மதித்தா. இரண்டு நிபந்தனைகள். பாரிஸிலும் சூரிச்சிலும் ஸ்டுட்கார்ட்டிலும் சொந்தக்காரர் வீட்டில்தான் தங்க வேண்டும், அவர்கள் இருக்க வெளியில் தங்கினால் என்ன நினைப்பார்கள். அடுத்தது, அந்த வீடுகளுக்கு அவ தரும் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மூன்று பெரிய உறைகள், நாலு பக்கமும் செலோடேப் ஒட்டியவை. மிச்ச ஊர்களுக்கு எங்கள் விருப்பப்படி போகலாம் என்றா. சந்தோஷத்தில் நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பாரிஸில் நான் கண்டது ஒரு வரவேற்பறையும் அதற்குள் ஒரு பெரிய சோஃபாவும். நாங்கள் வெளியே போக வெளிக்கிடுகிற நேரமெல்லாம் அந்த வீட்டு அன்ரி புட்டு அவித்தா. இரண்டாம் நாள் ஒரு பெடியன் வீடியோ டெக் திருத்த வந்தான். திருத்தவில்லை. சோஃபா நுனியில் இருந்துகொண்டு, கனடாவில் சம்பளம் எப்படி, குளிர் எப்படி என்று கேட்டான். அன்ரி தேத்தண்ணித் தட்டை என் கையில் தந்தா. வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுப்பது ஊர் வழக்கம்தானே என்று நான் அதையும் யோசிக்கவில்லை. என் யோசனையெல்லாம் வெளியே இருந்தது. கால் துடித்தது. மூன்றாம் நாள் சிநேகிதியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டத்தில் நாலு இடம் பார்த்தேன். அவள் ஒரு பாலத்தில் கொஞ்சம் நிற்போம் என்றாள். நிற்க நேரமில்லை என்றேன்.

சூரிச்சில் குட்டு உடைந்தது. போன அடுத்த நாள் பின்னேரம் தாய், தகப்பன், மகன் என்று மூன்று பேர் வந்தார்கள். தாய் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிகவும் திருப்தியாகச் சூரிச் அன்ரியிடம் சொன்னா:

"எட்டில செவ்வாய் எண்டா எங்களுக்குப் பிரச்சினை இல்லை. இவருக்கும் எட்டிலதான்."

எனக்கு எட்டில் செவ்வாய் என்பது எங்கள் வீட்டுக்குள் மட்டும் மெல்லிய குரலில் பேசப்படுகிற விஷயம். நான் தட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய், ஸ்டுட்கார்ட்டுக்கான உறையைக் கிழித்தேன். உள்ளே நீலச் சேலையில் நான். அதோடு என் சாதகக் குறிப்பின் போட்டோக் கொப்பி. வீட்டுக்கு வீடு என்னை நானே முதுகில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அம்மாமேல் வந்த கோபம் அரை நிமிடம்தான் நின்றது. அந்தக் கொப்பியின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு ஓடியது. எங்கள் அலுவலகத்துக் கொப்பி மெஷின் எதை வைத்தாலும் போடுகிற கோடு அது. அம்மா என் அலுவலகத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஏரியைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று அன்ரியிடம் சொல்லிச் சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். தண்ணீரோரம் ஒரு வாங்கில் அவளை இருத்தி, தாளை மடியில் போட்டேன். அவள் மறுக்கவில்லை.

"ஓம், நான்தான் கொப்பி எடுத்துக் குடுத்தனான். உங்கட அம்மா கேட்டவா. மாட்டன் எண்டா உம்மை விட்டிருப்பாவோ? நீர் வராட்டி என்னை ஆர் தனிய விட்டிருப்பினம்?" என்றாள். பிறகு, "எனக்கும் இந்த இடமெல்லாம் ஒருக்காப் பாக்கோணும் போல இருந்தது," என்றாள்.

அதற்கு நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். இவ்வளவு நாளும் நீர் என்று பேசிய வாய் நீ என்றது.

"உன்னை ஒருத்தரும் கேட்டு வரேல்லை எண்டதுக்காக என்னைக் கொண்டு திரிஞ்சு காட்டுறியோ?"

அவள் முகம் சுருங்கியது. அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. தாளை நாலாக மடித்து என்னிடம் திருப்பித் தந்தாள். இருவரும் வீட்டுக்குப் போய்ப் பைகளை எடுத்தோம். அவசரமாக வியன்னாவுக்குப் போகிறோம் என்று அன்ரியிடம் சொன்னோம். ஸ்டேஷனில் நான், வியன்னாவுக்குப் போவது நான் மட்டும்தான், அவள் கூட வரக்கூடாது என்றேன். தனியவோ என்று கேட்டாள். தனியத்தான், எனக்கு ஒருத்தரும் தேவையில்லை என்றேன். அவள், நாங்கள் பாரிஸிலிருந்து திரும்புகிற ஃபிளைட்டின் நாளையும் நேரத்தையும் ஒரு துண்டில் எழுதி என் கையில் வைத்தாள். பிறகு மிலான் ரயில் எந்தப் பிளாட்ஃபாரம் என்று ஒரு சீருடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு போய்விட்டாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் போனாள். ஆனால் போனாள்.

நான் வியன்னா ரயிலில் ஏறினேன். ஜன்னலோர இருக்கை. முன்னால் இரண்டு பேர் எனக்கு விளங்காத பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், மரியாதையான சிரிப்புத்தான். இரவு எங்கே தங்குவது, யாரிடம் கேட்பது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. நான் ஆற்றை பிள்ளை என்று அங்கே ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஏழு மாதம் அதைத்தான் கேட்டேன். கதவு மூடப்போகிற சத்தம் கேட்டதும் பையை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பிளாட்ஃபாரத்தில் வெகுநேரம் நடந்தேன். அடுத்த ரயிலில் ஏறுவேன் என்று நினைத்தேன், அதற்கு அடுத்ததில் என்று நினைத்தேன். கடைசியில் சில்லறை மாற்றி அன்ரிக்கு ஃபோன் செய்தேன். எனக்குச் சுகமில்லை, அவள் போய்விட்டாள் என்றேன். அன்ரி ட்ராம் பிடித்து வந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, பையைத் தானே தூக்கிக்கொண்டா.

பதினொரு நாள் அங்கே இருந்தேன். இருந்தேன் என்றா சொல்வது? பல்கனிக்கும் குசினிக்கும் நடுவே நடந்தேன். ஒவ்வொரு காலையும் பையை முதுகில் போடுவேன், கண்ணாடியில் பார்ப்பேன், கழற்றுவேன். பிள்ளை ஏன் உலாத்திக்கொண்டே திரியுது என்று அன்ரி கேட்டா. எட்டில் செவ்வாய்க்காரர் இரண்டு தரம் சொக்லேட் கொண்டு வந்தார். நல்ல மனிதர். அவரை நான் கட்டவில்லை, ஆனால் அவரிலும் ஒரு குறை சொல்ல முடியாது. பாரிஸில் நான் வெறுத்த மாதிரியான ஒரு சோஃபாவில் நானேதான் போய் இருந்தேன். அதில் என்னை ஒருவரும் கட்டி வைக்கவில்லை.

ஃபிளைட் அன்று அன்ரியின் மகன் பாரிஸ் ரயிலில் என்னை ஏற்றிவிட்டான். விமான நிலையத்தில் அவள் முதலே வந்து நின்றாள். மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருந்தது. ஒரு சப்பாத்தின் அடி பிய்ந்து ரப்பர் பேண்டில் நின்றது. பைக்கு மேல் ஒரு ஈரத் துவாயைக் காயப் போட்டிருந்தாள். பக்கத்துப் பக்கத்து இருக்கை. கடலுக்கு மேல் வந்தபோது அவள் கேட்காமலே நான் வியன்னாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். மாளிகை, குதிரை வண்டி, ஆறு என்று வழிகாட்டிப் புத்தகத்தில் படித்ததெல்லாம் சொன்னேன். அவள் இடையில் பேசாமல் முழுவதும் கேட்டாள்.

"நானும் மிலானால வியன்னாவுக்குத்தான் வந்தனான்," என்றாள் பிறகு. "உமக்குத் தனியப் பயமா இருக்கும் எண்டு நினைச்சன். ஸ்டேஷனில ஒரு நாள் முழுக்க நிண்டு பாத்தன். காணேல்லை. ஏங்கிப்போய் அன்ரி வீட்டுக்கு ஃபோன் எடுத்தன். நீர் குளிக்கிறீர் எண்டு சொன்னவா. நான் எடுத்ததைச் சொல்லவேண்டாம் எண்டனான்."

ஏரிக்கரையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இருக்கைப் பட்டியைக் கழற்றிவிட்டு எழும்பிப் பின்னுக்குப் போனேன். டொரொண்டோ வரும்வரை மூன்று தரம் அப்படி எழும்பிப் போனேன். மன்னிப்பை மட்டும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அலுவலகச் சாப்பாட்டு அறையில் அவள் படங்களை மேசையில் பரப்பினாள். மிலான், வெனிஸ், வியன்னா, பிராக். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு படத்துக்கும் நாங்கள் போனோம், நாங்கள் பார்த்தோம் என்றே சொன்னாள். ஒரு இடத்திலும் நான் என்று சொல்லவில்லை. நடந்தது இதுதான் என்று அப்போதே சொல்ல எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. கையில் இருந்த சாண்ட்விச்சைச் சாப்பிட்டேன். மெயில் ரூமில் வேலை செய்த அண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் பிள்ளை, ஒண்டிலயும் உம்மைக் காணேல்லை?"

அவள் என்னை முந்திக்கொண்டாள்.

"இவ ஒரு இடத்தில நிண்டாத்தானே, அண்ணை, படம் எடுக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.