கும்பிடு போட்ட கடிதம்

அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் கடைசியாக மிஞ்சியிருந்த பதினெட்டுக் குடும்பங்கள் தோட்டக் கம்பெனிக்கு இங்கிலீஷில் அனுப்பிய கடிதம். வீடு கேட்டு அனுப்பினார்கள். வீடு கிடைக்கவில்லை. அதில் என் பங்கு எவ்வளவு என்று இத்தனை நாளாக என்னையே கேட்டுக்கொண்டு, ஏதேதோ சமாதானமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சமாதானமெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

என் இங்கிலீஷைப் பற்றி எனக்கு ஒரு திமிர் இருந்தது. மறைப்பானேன்? அதே லயத்தில் பிறந்தவள் நான். கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்து, ஒரு கிளினிக் கவுண்டரில் இருபத்தைந்து வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அங்கே வாயால் பேசுகிற இங்கிலீஷ் சட்டை போடாத இங்கிலீஷ். "டாக்டர் நாட் இன், யூ கம் டுமாரோ." அவ்வளவுதான். "கேன் ஆர் நாட்?" என்று கேட்டால் "கேன்" என்பேன், இல்லையென்றால் "கெனாட் லா" என்பேன். சீனர், மலாய்க்காரர், நம்மாட்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். யார், என்ன, எப்போது என்பது பளிச்சென்று விளங்கிவிடும்.

பேப்பரில் எழுத உட்கார்ந்தால் நானே வேறு ஆளாகிவிடுவேன். நாளைக்கு வா என்று விரட்டிய அதே வாய்க்காரி "கைண்ட்லி பி இன்ஃபார்ம்ட்" என்று குழைவேன். ஒருமுறை நான் ஒரு நோயாளியின் தேதியை மாற்றி எழுதிவிட்டேன். மன்னிப்புக் கடிதத்தையும் நானே அடித்தேன். "ஒரு தவறு நேர்ந்துவிட்டதாக அறியப்படுகிறது, அதற்காக வருந்தப்படுகிறது." யார் தவறு செய்தது, யார் வருந்துவது, ஒன்றும் கிடையாது. செய்தது முழுக்க நான், அந்த வாக்கியத்தில் மட்டும் நான் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அந்த மாதிரி வாக்கியங்களை பேங்க் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் எதில் பார்த்தாலும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன்.

தோட்டத்திலும் எழுத்து என்றால் அப்படித்தான். தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி எழுதிக் கொடுக்கும் மனு எதுவானாலும், தண்ணீர்க் குழாய் கேட்டாலும் கோயிலுக்கு நாலு தகரம் கேட்டாலும், முதல் வரி ஒன்றுதான். "நிர்வாகத்தின் அன்பான அனுமதியால் இங்கே தங்கியிருக்கும் நாங்கள்." முதலில் ஒரு கும்பிடு, பிறகுதான் கேள்வி. இங்கிலீஷ் கடிதம் என்றாலே அப்படித்தான் தொடங்கும் என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள், முப்பது நாளில் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்தபோது, எங்கள் பழைய வீட்டுக்கு எதிர்வீட்டு அக்கா என்னைத் தேடி கிளினிக்குக்கு வந்தார். தன் அம்மாவோடு பதினைந்து வயதிலேயே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனவர். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார், மலாய் சரளமாகப் பேசுவார், இங்கிலீஷ் மட்டும் தெரியாது. நோட்டீஸை பிளாஸ்டிக் பையில் நாலாக மடித்து வைத்திருந்தார். மத்தியானம் கிளினிக் சாத்திய நேரத்தில் கவுண்டர் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன எழுத வேண்டும், சொல்லுங்கள் என்றேன்.

அக்கா யோசிக்கவே இல்லை. "பெரிய தொர கோயிலுக்கு முன்னாடி நின்னு எங்க எல்லாருக்கும் சொன்னாரு. தோட்டத்த வித்தா உங்களுக்கு வீடு கட்டிக் குடுத்துட்டுத்தான் விப்போம்னாரு. நாங்க அத நம்பித்தான் இருந்தோம். குடுத்த வாக்க குடுங்க, நாங்க போறோம். இல்லாட்டி போக மாட்டோம். அப்படியே எழுது பாப்பா."

அப்படியே எழுதியிருந்தால் போதும். கவுண்டரில் நான் பேசுகிற இங்கிலீஷே அதற்கு யதேஷ்டம். "பிக் பாஸ் ப்ராமிஸ் அஸ் ஹவுஸ்" என்று எழுதியிருந்தால்கூட அது போய்ச் சேர்ந்திருக்கும். எனக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. என்ன இது, சண்டைக்கு நிற்கிற மாதிரி இருக்கிறதே, படிக்காத ஜனங்கள் என்று கம்பெனிக்காரன் நினைத்துவிடுவானே என்று வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டது அவர்களுக்காக என்று அப்போது நினைத்தேன். எனக்காகத்தான்.

வீட்டில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். நிர்வாகத்தின் அன்பான அனுமதியால் இத்தனை வருஷம் தங்கியிருக்கும் நாங்கள், அதற்கு எங்கள் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம் என்று தொடங்கினேன். மேனேஜரான பெரிய துரை சொன்ன வாக்கு வரும் இடத்தில், "மாற்று வசதி குறித்து ஏதேனும் பரிசீலனை அளிக்கப்படலாம் என்று புரிந்துகொள்ளப்பட்டிருந்தது" என்று போட்டேன். துரையும் இல்லை, கோயிலும் இல்லை, வாக்கும் இல்லை. எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். கோயில் கொட்டகையில் எல்லாரும் கூடியிருந்தார்கள். கடிதத்தை இங்கிலீஷிலேயே வாசித்தேன். ஒருத்தருக்கும் புரியவில்லை, எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். "தொர பேசற மாதிரியே இருக்குலா" என்று யாரோ சொன்னார்கள், எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா மட்டும் பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னது அதுல இருக்கா பாப்பா?"

"இருக்குக்கா, எல்லாம் இருக்கு" என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். தமிழில், ஒவ்வொரு எழுத்தாக.

வீடும் வரவில்லை, இவர்களும் காலி செய்யவில்லை, கேஸ் கோர்ட்டுக்குப் போனது. அவர்களுக்காக வந்த லாயர் சின்ன வயதுப் பெண், கெட்டிக்காரி. அவருடைய ஆபீஸுக்கு அக்காவோடு துணைக்கு நானும் போயிருந்தேன். கம்பெனி தாக்கல் செய்த காகிதக் கட்டிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தார். என் கடிதம். முதல் வரிக்குக் கீழே யாரோ கோடு போட்டிருந்தார்கள்.

"அனுமதியாலதான் இருக்கோம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அனுமதி குடுத்தவன் அத எப்ப வேணா எடுத்துக்கலாம்னு அவங்க சொல்றாங்க. வீடு குடுக்கறோம்னு மேனேஜர் சொன்னதுதான் நமக்கு இருக்கிற ஒரே பிடி, அது இதுல ஒரு வார்த்தைகூட இல்ல. இப்ப கேஸுக்காகக் கட்டிச் சொல்ற கதைங்கறாங்க." பேனாவை மூடி வைத்துவிட்டு, "இத யார் எழுதுனது?" என்று கேட்டார்.

கிளினிக்கில் ஐம்பது பேரை ஒரே வாயால் மேய்க்கிறவள் நான், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"நாங்கதாம்மா" என்றார் அக்கா. "எல்லாரும் சேந்து எழுதுனோம்."

லாயர் என்னைப் பார்க்கவில்லை. நான் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது காரில் அக்கா வெயிலைப் பற்றியும் லயத்துக்குப் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துக்குள் பாம்பு வருவதைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். நான் ஊம் கொட்டினேன்.

கோர்ட்டில் தோற்றார்கள். அந்தக் கடிதத்தால் மட்டும் தோற்கவில்லை என்று லாயர் பிறகு சொன்னார். வேறு பேப்பர் எதுவும் இல்லை, சாட்சி சொல்ல வேண்டிய துரையும் உயிரோடு இல்லை. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் காலம் தள்ளினேன். லயத்தை ஒரே காலையில் இடித்தார்கள். அக்கா இப்போது ஈப்போவில் ஒரு அடுக்குமாடியின் நாலாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறார், தனியாக.

போன மாதம் என் வீட்டுக்கு வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க. பிளாட்டில் லிஃப்ட் ரோசாக் ஆகி, ஓடாமல் நின்று, ஏழு வாரமாம். பாசாருக்குச் சாமான் வாங்க இறங்கினால் அன்றைக்கு மறுபடி இறங்க முடிவதில்லையாம். அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆபீஸுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.

நோட்டை எடுக்கவில்லை. அக்கா பக்கத்தில் இருக்கும்போதே, கவுண்டர் இங்கிலீஷிலேயே எழுதினேன். லிஃப்ட் ஏழு வாரமாக வேலை செய்யவில்லை. எனக்கு அறுபத்தாறு வயது. நான் நாலாவது மாடியில் இருக்கிறேன், என் முட்டி வலிக்கிறது. நீங்கள் லிஃப்டைச் சரிசெய்ய வேண்டும். எந்த நாளில் செய்வீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். ஐந்து வரிதான். இதற்குமேல் அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு எழுதுன கடுதாசியில நீங்க சொன்னது இல்ல. தொர சொன்னத நான் எழுதவே இல்ல. அனுமதின்னு எழுதுனதும் நான்தான். லாயர் கேட்டப்ப வாயத் தொறக்கல."

அக்கா முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "லாயரம்மா கேட்டப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். உன்ன அங்க விட்டுக்குடுக்க மனசு வரல. வீடு எப்படியும் போயிருக்கும் பாப்பா, அவனுங்க விட்டிருக்க மாட்டானுங்க. அதுக்கு நான் உன்ன ஒண்ணும் சொல்லல." முட்டியிலிருந்து கையை எடுத்தார். "ஆனா நான் கேட்டேன்ல, இருக்கான்னு. இருக்குன்னு சொன்ன."

எனக்கு அழுகை வந்தது. அவர் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "இதுல என்ன இருக்கு, தமிழ்ல சொல்லு" என்றார். ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, படிக்கத் தெரியாத அந்த வரிகள் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். ஐந்தாவது வரியில் விரல் நின்றது. நல்லாத்தான் இருக்கு என்றார்.

கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ரெண்டாவது மாடியில ஒரு பொண்ணு இருக்கு, இங்கிலீஷ் படிச்ச பொண்ணு. அதுகிட்ட ஒரு தடவ படிக்கச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கறேன்."