வராதவர் பட்டியல்

நாங்கள் பிழைக்க வந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிதில், காஜா பேராங் என்ற ஊரில் நான் ஒரு தமிழ்ச் செய்தித்தாள் நடத்தினேன். நான்கு பக்கம், ஸ்டென்சிலில் கையால் எழுதி ஓட்டி எடுப்பது. குடியுரிமைக்கு எங்கே பதிவது, எந்தத் தெருவுக்குக் குழாய் வரும் என்பதுதான் செய்தி. காகிதமும் மையும் அரசு மானியம். அதைக் கொடுத்த ஊர்க் குழுவில் தமிழர் சார்பில் ஒருவர் இருந்தார்.

குழுவின் கூட்டக் குறிப்பைத் தமிழில் போட வேண்டும் என்பது நிபந்தனை. போட்டேன். வராதவர் பெயர்களை மட்டும் விட்டுவிடுவேன். மாதா மாதம் அதில் அந்தத் தமிழர் பிரதிநிதியின் பெயர் இருக்கும். நம்ம ஆளை நாமே காட்டிக்கொடுப்பதா என்று ஒரு மரியாதை.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டதை எழுதினேன். அதைக் குழுவில் சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த மாதம் மட்டும் கூட்டத்துக்குப் போனார். போய், என் மானியத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

மிச்சக் காகிதத்தில் கடைசி இதழ் போட்டேன். பழைய குறிப்புகளை எடுத்து, மாதவாரியாக, வராதவர் பெயரை ஒன்று விடாமல் எழுதினேன். பழிவாங்கினேன் என்பார்கள். ஆமாம், வாங்கினேன்.

முடிவெட்டும் கடையில் ஞாயிறு காலை ஒருவர் என் தாளை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். கடைசி இதழை வாசித்த அன்று நானும் அங்கே இருந்தேன். நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார், ஒரு கன்னம் மழித்து, மறு கன்னம் நுரையோடு. எழுந்து போக வழியில்லை. வாசிப்பு தொடர்ந்தது. கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மெதுவாவே செய்யுங்கண்ணே," என்றேன். "இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு."